பிரிந்தவர்களை நினைவுகூருவது எப்படி?



நமது மருத்துவமனைக்கு வருகிற காணிக்கைகளில் பல ஒரு சிறு சீட்டோடு வருகின்றன. "எங்கள் தகப்பனாரின் நினைவாக" என்று சிலர் எழுதுகிறார்கள். "கர்த்தருக்குள் நித்திரையடைந்த என் மனைவியின் முதலாம் ஆண்டு நினைவாக" என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். "எங்கள் மகனின் பிறந்தநாள் காணிக்கை, இருந்திருந்தால் இவ்வருஷம் இருபது வயது" என்று எழுதுகிற பெற்றோரும் உண்டு. தொகை சிறிதோ பெரிதோ, அந்தச் சீட்டைச் சிற்றாலயத்தில் வாசித்து ஜெபித்த பிறகே அலுவலகத்துக்கு அனுப்புகிறோம்.

அந்தச் சீட்டுகளோடு கேள்விகளும் வருவதுண்டு. "மரித்தவர்களை நினைத்துக்கொண்டே இருப்பது விசுவாசக் குறைவா?" "நாற்பதாம் நாள் கூட்டம் நடத்தத்தான் வேண்டுமா?" "நினைவுக் காணிக்கை கொடுத்தால் அது எங்கே போகிறது?" இவற்றைக் குறித்து ஒழுங்காக ஒரு முறை எழுதவேண்டும் என்று நெடுநாளாய் எண்ணியிருந்தோம். வார்டுகளிலும், பிணவறை வாசலிலும், அடக்க ஆராதனைகளிலும் பல ஆண்டுகள் நின்றதினால் கற்றுக்கொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நினைவுகூருதல் என்றால் என்ன?

வேதத்தில் நினைவுகூருதல் என்பது மனதுக்குள் மட்டும் நடக்கிற காரியமல்ல. கைகளால் ஏதோ ஒன்றைச் செய்வதும் அதில் அடங்கும். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது நதியின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினார்கள். பின்வரும் நாட்களில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்பார்கள், அப்போது பெரியவர்கள் பதில் சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். கர்த்தருடைய பந்தியும் அப்படிப்பட்டதே. அப்பத்தைப் பிட்டு, பாத்திரத்தில் பங்குபெற்று நாம் நினைவுகூருகிறோம்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளின் சரித்திரத்தையும் பாருங்கள். அவள் மரித்தபோது பேதுரு வந்தார். விதவைகள் அவரைச் சூழ நின்று அழுதுகொண்டு, அவள் உயிரோடிருந்தபோது செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காண்பித்தார்கள். அவள் எந்தச் சங்கத்தில் தலைவியாயிருந்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய கை தைத்த துணி அவர்கள் கையில் இருந்தது. அதைக் காட்டினார்கள். ஒரு நல்ல நினைவுக் கூட்டம் எப்படியிருக்கவேண்டும் என்று நாங்கள் கற்றுக்கொண்டது அந்த மேல்வீட்டிலிருந்துதான்.

நமது சபைகளில் மரித்தவர்களுக்காக நாம் ஜெபிக்கிறதில்லை. அவர்கள் கர்த்தருடைய கரத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிற குடும்பங்கள் உண்டு. ஈஸ்டர் அதிகாலையில் போகிறவர்களும் உண்டு. ஒரு முறை சரி, மற்றது தவறு என்று நாங்கள் சொல்லமாட்டோம். நன்றியோடு போனால் போதும்.

அழுகை அவிசுவாசமல்ல

"அழாதீங்க, அவர் பரலோகத்தில் இருக்கிறார்" என்று துக்கவீட்டில் சொல்லுகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். சொல்லுகிற விசுவாசமும் உண்மையானதே. ஆனாலும் பெத்தானியாவில் லாசருவின் கல்லறையண்டையில் நமது ஆண்டவர் கண்ணீர் விட்டார். சில நிமிஷங்களில் அவனை எழுப்பப்போகிறவரே அழுதார் என்றால், ஒரு விதவைத் தாயாரின் கண்ணீரை நாம் ஏன் தடுக்கவேண்டும்?

துக்கம் சரீரத்தையும் தொடுகிறது. முதல் வாரங்களில் தூக்கமும் பசியும் போய்விடும். மரித்தவரின் செருப்புச் சத்தம் கேட்டது போலிருக்கும். சாப்பாட்டு வேளையில் கை தானாக ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கும். "எனக்குப் புத்தி பேதலிக்கிறதா, ஐயா?" என்று பலர் எங்களிடம் பயந்து கேட்டிருக்கிறார்கள். இல்லை. இவை பிரிந்தவர்களின் வீட்டில் சாதாரணமாய் நடக்கிறவை. நாட்கள் செல்லச் செல்ல மெல்லக் குறையும்.

ஆனால் ஒரு சிலருக்குக் குறைவதில்லை. ஆறு மாதத்துக்கு மேலாகியும், அன்றாட வேலைகளைச் செய்யக்கூடாதபடி ஏக்கமும் வேதனையும் கடுமையாகவே நீடித்தால், அதற்குச் சிகிச்சை தேவைப்படலாம். 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கம் தனி நிலையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவரை "ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று சொல்லி விட்டுவிடாதேயுங்கள். அவரோடு ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துவாருங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறோம். முதல் மூன்று நாட்கள் வீடு நிறைய ஜனம். அண்டை வீட்டார் காப்பியும் சாப்பாடும் கொண்டுவருவார்கள். நாற்பதாம் நாள் கூட்டம் முடிந்து, வாடகை நாற்காலிகள் திரும்பிப்போனவுடன் வீடு வெறுமையாகிவிடும். உண்மையான துக்கம் அன்றுதான் ஆரம்பமாகிறது. ஆகவே நீங்கள் ஒரு வீட்டாரை விசாரிக்க விரும்பினால், நாற்பத்தொன்றாம் நாளுக்குப் பிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போங்கள். பிரசங்கம் வேண்டாம். மரித்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அந்தப் பெயரைப் பிறர் வாயிலிருந்து கேட்பதே அவ்வீட்டாருக்கு ஆறுதல்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு

அடக்க ஆராதனையிலோ நினைவு ஆராதனையிலோ ஒரு வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பது நமது சபைகளின் வழக்கம். பிறந்த ஊர், ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், வேலை, சேகரக் கமிட்டி, ஓய்வுபெற்ற ஆண்டு, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அது போகும். இவை எல்லாம் வேண்டியவையே. ஆனாலும் இவற்றோடு நிறுத்திக்கொண்டால், வாசிக்கப்பட்டது யாருடைய வாழ்க்கை என்று சபையாருக்குத் தெரியாமற்போகும்.

தொற்காளின் அங்கிகளைப் போல, கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்றைச் சேருங்கள். உலை வைக்குமுன் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவந்த தாய்மார் நம் கிராமச் சபைகளில் எத்தனை பேர்! அந்தப் பானையைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், அந்தத் தாயாரைக் கண்டவர்கள் எல்லாரும் தலையசைப்பார்கள். ஞாயிறு பள்ளிச் சிறுவருக்கு அவர் கற்றுக்கொடுத்த பாட்டு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒவ்வொரு வருஷமும் அவர் எடுத்த பூசணிக்காய், வயல் வரப்பில் நின்று அவர் செய்த ஜெபம் ஆகியவை பதவிகளைப் பார்க்கிலும் நெடுநாள் நினைவில் நிற்கும்.

எல்லாருடைய வாழ்க்கையும் எளிதாக எழுதக்கூடியதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நமது மருத்துவமனையில் கல்லீரல் நோயினால் மரித்த ஒருவரின் மூத்த மகன் எங்களிடம் வந்தார். பரம்பரையாகக் கோவிலுக்குப் போகிற குடும்பம், தாத்தா உபதேசியாராயிருந்தவர். "எழுத ஒன்றுமில்லை ஐயா. அப்பா குடித்தார். அம்மா நகையை விற்று எங்களைப் படிக்கவைத்தார்கள். இதை ஆலயத்தில் எப்படி வாசிப்பது?" என்றார். இளைய மகனோ, நல்லதை மட்டும் எழுதிக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார். இருவரும் எங்கள் அறையிலேயே வார்த்தை தடித்து நின்றார்கள்.

அதுவரை பேசாதிருந்த தாயார் அப்போது சொன்னார்: "பொய் எழுதவேண்டாம், ஐயா. நான் நாற்பது வருஷம் அவரோடு இருந்தேன். பொய்யைக் கேட்டால் எனக்குத்தான் அவர் யாரோ ஆகிவிடுவார். கடைசி வருஷம் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அதையும் எழுதுங்கள்."

அந்தக் குறிப்பு ஒரு பக்கத்துக்கும் குறைவாகவே இருந்தது. குடும்பம் பாடுபட்ட வருஷங்கள் உண்டு என்று ஒரு வரி. அந்த வருஷங்களில் வீட்டைத் தாங்கியவர் மனைவி என்று ஒரு வரி. வியாதிப்படுக்கையில் அவர் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டார் என்று ஒரு வரி. குடி என்ற வார்த்தை அதில் இல்லை. இருந்தாலும் கேட்ட ஊரார் அனைவருக்கும் விளங்கிற்று. மூத்த மகனே எழுந்து அதை வாசித்தார். உண்மையைச் சொல்லுவது வேறு, மரித்தவரை அவமானப்படுத்துவது வேறு என்பதை அந்தத் தாயார் எங்கள் எல்லாருக்கும் விளங்கப்பண்ணினார்.

பிறந்து சில மணி நேரமே உயிரோடிருந்த குழந்தைகளையும் மறவாதிருங்கள். பெயரிடுங்கள், குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் மற்றப் பிள்ளைகளின் பெயர்களோடு எழுதுங்கள். தற்கொலையினால் ஒருவரை இழந்த வீட்டாரிடம், எப்படி நடந்தது என்று விசாரியாதேயுங்கள். எப்படி வாழ்ந்தார் என்று கேளுங்கள். அவ்வீட்டார் சபையிலிருந்து ஒதுங்கிப்போகாதபடி காப்பது போதகருடைய வேலை மாத்திரமல்ல, சபையார் எல்லாருடைய வேலையுமாகும்.

ஒரு நினைவு மருத்துவமனையான கதை

நினைவுக் காணிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நாங்கள் வேலூரின் சரித்திரத்தைச் சொல்லுவதுண்டு.

ஸ்கடர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாய் ஊழியம் செய்தவர்கள். டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு மருத்துவ மிஷனெரியாகப் புறப்பட்டார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் பெண்களுக்கு உதவும்படி அவரை அழைத்ததும், ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்க மறுத்ததும், காலையில் மூவரும் மரித்தார்கள் என்ற செய்தி வந்ததும் நீங்கள் கேட்டிருக்கிற சரித்திரமே. ஐடா மருத்துவம் படித்து 1899-இல் பட்டம்பெற்றார்.

வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் தேவையாயிருந்தது. நியூயார்க்கில் வங்கித்தொழில் செய்த ஷெல் என்ற முதியவர், மரித்துப்போன தம் மனைவி மேரி டேபர் ஷெல் அம்மையாரின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். ஐடா 1900-இல் வேலூரில் தம் வீட்டிலேயே சிறு அறையில் ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே தம் தகப்பனாரையும் அடக்கம் பண்ணினார். 1902-இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதிலிருந்தே 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழும்பின. இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்று உலகமெங்கும் அறியப்படுகிற ஸ்தாபனம் அதுவே. ஷெல் வளாகம் பிற்காலத்தில் கண் மருத்துவமனையாகப் பெயர்பெற்றது.

ஒரு முதியவர் தம் மனைவியை நினைத்தார். அந்த அம்மையாரின் முகத்தையே அறியாத எத்தனையோ தாய்மார் அந்தக் கூரையின்கீழ் பிள்ளைகளைப் பெற்று உயிரோடு வீடு திரும்பினார்கள்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலும் இப்படியே. 1847-இல் அங்கே வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1884-இல் அவர் தம் சொந்த நாட்டில் மரித்தார். தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியராயிருந்ததையே தம் கல்லறைக்கல்லில் பொறிக்கும்படி விரும்பினார். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பணம் குறைவாயிருக்கிறதே என்று வருந்துகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுவோம். 1948-இல் லண்டனில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதி புற்றுநோயினால் மரித்தார். அவரை விசாரித்து வந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையாருக்கு ஐந்நூறு பவுண்டை விட்டுச்சென்றார். மரணத்தறுவாயில் இருப்பவர்களுக்காக நீங்கள் கட்டப்போகும் வீட்டில் அது ஒரு ஜன்னலாயிருக்கட்டும் என்பது அவர் விருப்பம். வீடு ஒன்றும் அப்போது இல்லை. ஜன்னலுக்கு மட்டும் பணம் வந்தது! பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1967-இல், செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. வலி தணிக்கும் சிகிச்சை உலகமெங்கும் பரவ அது காரணமாயிற்று. அந்த ஜன்னலும் அங்கே வைக்கப்பட்டது.

நினைவுக் காணிக்கை கொடுக்கிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்

முதலாவது, கடன் வாங்கிக் கொடுக்காதேயுங்கள். நாற்பதாம் நாள் விருந்துக்காகக் கடன்பட்டு, அதன் வட்டியைக் கட்டும்படி விதவையை விட்டுவிட்டுப்போகிற வழக்கத்தை நாங்கள் மனவேதனையோடு பார்த்திருக்கிறோம். மரித்தவர் பேரில் செய்யப்படுகிற எதுவும் உயிரோடிருக்கிறவரின் சோற்றைப் பறிக்கக்கூடாது. முதலில் அந்த வீட்டை விசாரியுங்கள். மிஞ்சினால் மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

இரண்டாவது, மரித்தவரின் வாழ்க்கையோடு பொருந்தும்படி கொடுங்கள். ஆசிரியராயிருந்தவருக்காக ஒரு செவிலிய மாணவியின் புத்தகச் செலவு. சமையலில் சந்தோஷப்பட்டவருக்காக ஏழை நோயாளிகளின் ஒரு நாள் சாப்பாடு. நெடுநாள் படுக்கையிலிருந்தவருக்காகப் படுக்கைப்புண் வராமல் தடுக்கும் ஒரு காற்றுமெத்தை.

மூன்றாவது, பணம் எதற்குச் செலவாயிற்று என்று கேளுங்கள். கேட்பது அவிசுவாசமல்ல. ரசீதும் பதிலும் கொடுப்பது எந்த ஊழிய ஸ்தாபனத்துக்கும் கடமை. கட்டிலின் தலைமாட்டில் பெயர்ப்பலகை வேண்டுமென்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாமென்று சிலர் சொல்லுகிறார்கள். இரண்டும் நல்லதே. ஆனால் அந்தக் கட்டிலில் படுக்கிற நோயாளி எந்த ஜாதி, எந்த மதம் என்று நாங்கள் பார்ப்பதில்லை என்பதை அறிந்து கொடுங்கள்.

நான்காவது, பணமில்லாமலும் கொடுக்கலாம். ஆண்டு நினைவு நாளில் பிள்ளைகள் இரத்ததானம் செய்யலாம். கண்தானம் இன்னும் மேலானது. மரித்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்கவேண்டும். ஆகவே தாமதியாமல் அருகிலுள்ள கண் வங்கிக்குச் சொல்லியனுப்புங்கள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சை அவற்றின்மேல் வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வயதானவர்கள், கண்ணாடி போட்டவர்கள், புரை அறுவை செய்துகொண்டவர்களும் கொடுக்கலாம். மரித்தவர் முன்பே எழுதிக்கொடுக்காதிருந்தாலும் குடும்பத்தாரின் சம்மதம் போதும். எய்ட்ஸ், வெறிநாய்க்கடி, மஞ்சள்காமாலைக் கிருமி போன்ற தொற்று இருந்தால் ஏற்கமாட்டார்கள். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லுவார். முகம் விகாரப்படாது. உயிர்த்தெழுதலில் கண்ணில்லாமற்போகுமோ என்று கவலைப்பட்டுக் கேட்டவர்களும் உண்டு. மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கினவருக்கு இது கடினமான காரியமல்ல என்று சொன்னோம். ஒருவருடைய இரு கண்களால் இரண்டு பேர் பார்வை பெறலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

கில்காலின் கற்கள் பிள்ளைகளுக்காக வைக்கப்பட்டன. நமது வீடுகளில் தாத்தாவின் படம் மாலையோடு சுவரில் தொங்குகிறது. அவர் யார் என்று பேரனுக்குத் தெரியாது. "தாத்தா தூங்குகிறார்" என்று சிறு பிள்ளைகளுக்குச் சொல்லாதேயுங்கள்; பிறகு தூங்கவே பயப்படுவார்கள். மரித்துவிட்டார், இனி இந்த வீட்டுக்கு வரமாட்டார், கர்த்தரிடத்தில் இருக்கிறார், நாமும் ஒரு நாள் அவரைக் காண்போம் என்று நேராகச் சொல்லுங்கள். ஆண்டு நினைவு நாளில் வேதாகமத்தை வாசித்து ஜெபித்தபின், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு காரியத்தைச் சொல்லட்டும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். மூத்தவர்களில் ஒருவர் அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். சில வருஷங்களில் உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சரித்திரம் உண்டாயிருக்கும்.

அன்பானவர்களே, இந்த ஆண்டில் முதல்முறையாக ஒரு நாற்காலி வெறுமையாயிருக்கக் கிறிஸ்துமஸ் ஆசரிக்கப்போகிற குடும்பங்கள் உங்களில் உண்டு. அவர்களுக்காகப் புதன்கிழமைதோறும் காலை ஜெபவேளையில் செவிலியரும் ஊழியரும் சேர்ந்து ஜெபிக்கிறோம். உங்கள் பிரியமானவரின் பெயரையும், அவரைப் பற்றி ஒரு வரியையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். காணிக்கை சேர்த்து அனுப்பவேண்டியதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவோம்.

சகல ஆறுதலின் தேவன் உங்களைத் தேற்றுவாராக.

கர்த்தருடைய ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர்